பெல்ட் மாற்றாமல் வண்டி போகாது

ஏப்ரல் 28, செவ்வாய்

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். துணி காய்ந்தது, அதுவே பெரிய விஷயம்.

நாங்கள் வாடகைக்கு விடுகிற மூன்று வண்டிகளில், மூன்றாம் வண்டியின் பெல்ட் மூடியைக் கழற்றினேன். உள்ளே கறுப்புத் தூள், கரிந்த ரப்பர் நாற்றம். இன்னும் சீசன் கூட்டமே வரவில்லை, அதற்குள் இப்படி.

என் வீட்டுக்காரரின் அண்ணன் கோயமுத்தூரிலிருந்து ஒரு சாக்கு நிறைய பெல்ட் கொண்டுவந்து போட்டிருக்கிறார். தொழிலில் பங்காளி. சாமான் வாங்குவதெல்லாம் அவர்தான். "எல்லாம் ஒரே சைஸ்தான், மாட்டு" என்றார். அளந்தேன். நீளம் சரி. அகலம் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. சொன்னேன்.

"ரெண்டு மில்லியில என்ன குடி முழுகிப் போகுது?"

நாலு சக்கரத்தில் புல்மேடு ஏறும் இந்த ஏடிவியில் கியர் கிடையாது. எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி, நடுவே இந்தப் பெல்ட். பெல்ட்டின் இரண்டு பக்கங்களையும் கவ்வித்தான் புல்லி இழுக்கும். அகலம் குறைந்தால் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடேறினால் அறும். ஏற்றத்தில் அறுந்தால் பிரேக்கைப் பிடித்து நின்றுகொள்ளலாம். இறக்கத்தில் அறுந்தால் எஞ்சினின் பிடிப்பு போய், வண்டி தன்பாட்டுக்கு ஓடும். இந்த மலையில், இத்தலார் சரிவில் எங்கள் பாதை பாதிக்கு மேல் இறக்கம். ஏறி உட்காருவது குழந்தை குட்டிகளோடு சுற்றிப்பார்க்க வருகிற ஜனம்.

இவர்: "அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன், நீ கம்முனு இரு." பேசவில்லை. சாப்பிடும்போது கேட்டேன். ரசம் நன்றாக இருக்கிறதாம்.

வாங்க: காஸ். பாப்பாவுக்கு ஸ்வெட்டர். கிரீஸ்.

ஏப்ரல் 29, புதன்

மழை இல்லை, ஆனால் புல் ஈரம்.

அந்தப் பெல்ட்டையே மாட்டி, பின்னால் இரண்டு மூட்டை கேரட்டைக் கட்டி, நானே ஓட்டினேன். வருகிறவர்கள் சாவதற்குமுன் நான் பார்த்துவிடுகிறேன் என்று. கோபம்தான்.

ஏற்றத்திலேயே நாற்றம் கிளம்பிவிட்டது. இறக்கத்தில் பாதியில் 'பட்'டென்று ஒரு சத்தம். எஞ்சின் சும்மா உறுமுகிறது, வண்டி அது பாட்டுக்குப் பறக்கிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் நின்று புல்லில் சறுக்குகிறது. உருளைக்கிழங்குக் காட்டு வரப்பில் கொண்டுபோய் மோதித்தான் நிறுத்தினேன். முழங்கை தோல் உரிந்தது. கேரட் சரிவெல்லாம்.

இவர் ஓடி வந்தார். அவருடைய அண்ணன் நடந்து வந்தார்.

"ஓட்டத் தெரியாம ஓட்டிப்போட்டு பெல்ட்டைக் குத்தம் சொல்றியா?"

"அப்ப நீங்க ஓட்டுங்க மாமா. இன்னொரு பெல்ட் மாட்டித் தர்றேன்."

வேலை இருக்கிறதென்று போய்விட்டார். டெட்டால் எரிகிறது. பரவாயில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முதல் பஸ். மேட்டுப்பாளையம் இறங்குமுன்னே வியர்வை, ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்தேன். அங்கிருந்து கோயமுத்தூர், உதிரிபாகக் கடை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். "ஊட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போன் போட்டுக் குடுங்கம்மா, பேசிக்கறேன்."

அறுந்த பெல்ட்டையும் கழற்றிய புல்லியையும் மேசைமேல் வைத்தேன். "பேச வேண்டியது இதுங்கதானுங்க."

அதற்குப் பிறகு ஒழுங்காகப் பேசினார். நல்ல மனிதர்தான். புல்லியின் முகத்தில் நகத்தை ஓட்டிக் காட்டினேன், பள்ளத்தில் நகம் மாட்டுகிறது. இதில் எந்தப் புது பெல்ட்டைப் போட்டாலும் தின்றுவிடும் என்று அவரே சொன்னார். வேகத்துக்கென்று ஒரு பெல்ட் காட்டினார். வேண்டாம் என்றேன். எங்களுக்கு வேகம் எதற்கு? ஆள் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏற வேண்டும், சூடு தாங்க வேண்டும். உள்ளும் புறமும் பல் வெட்டிய தடிமனான பெல்ட், மூன்று வண்டிக்கும். மூன்றாம் வண்டிக்குப் புல்லி ஜோடி.

பில் யார் பேரில் என்றார். என் பேரில்.

திரும்பும் பஸ்ஸில் சீட் இல்லை. குன்னூர் வரை புல்லியை மடியில் இடுக்கி, படியோரம் உட்கார்ந்து வந்தேன்.

வந்தால், ஒன்றாம் வண்டிக்கும் இரண்டாம் வண்டிக்கும் சாக்குப் பெல்ட்டை மாட்டி வைத்திருக்கிறார் அண்ணன். இவர் கூடவே நின்று பார்த்திருக்கிறார்.

மே 1, வெள்ளி

லீவு நாள். ரோடு முழுக்க கார்.

விடியும்போதே மூன்றாம் வண்டிக்குப் புல்லி, பெல்ட் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். முனகல்கூட இல்லை. மற்ற இரண்டையும் கழற்றுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மதுரைக்காரக் குடும்பம் ஒன்று. இரண்டாம் வண்டியில் அப்பா, அவர் முன்னால் சின்னப் பெண், ஹெல்மெட் மூக்குவரை இறங்கி. அண்ணன் கிளப்பச் சொல்கிறார்.

போய்ச் சாவியை உருவினேன். ஒன்றாம் வண்டியின் சாவியையும்.

"சாவியக் குடு."

"பெல்ட் மாத்தாம வண்டி போகாதுங்க."

"யார்ரா இவ சொல்றதுக்கு? டேய், உன் பொண்டாட்டிய ஊட்டுக்குப் போகச் சொல்லு!"

எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டு சாவியையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். "சாவி என் ஸ்வெட்டர் பாக்கெட்டுல இருக்குது. வந்து எடுத்துக்குங்க" என்றேன். எனக்கே அந்தக் குரல் புதிது.

யாரும் வரவில்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்த மதுரைக்காரரிடம் போய், "பாப்பாவ இறக்கிக்கங்க சார். டீ குடிச்சுட்டு வாங்க, பெல்ட் மாத்திடறோம்" என்றார். ஸ்பானரை எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போல்ட்டைத்தான் பார்த்தார். போதும்.

அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சின்னப் பெண் நான்கு சுற்று போனாள். இறங்க மாட்டேன் என்று அழுகை.

மே 3, ஞாயிறு

நேற்று எழுதவில்லை, கூட்டம்.

அத்தை போன், இவருடைய அம்மா. "பெரியவன்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுப்போடு சாமி, எல்லாம் சரியாப் போயிரும்."

"எதுக்குங்க அத்தை?"

டி.வி.யில் சீரியல் தொடங்கிவிட்டதென்று போனை வைத்துவிட்டார்.

மதியம் டெம்போ வந்தது. ஒன்றாம் வண்டி அண்ணன் பேரில் இருக்கிறது, எடுத்துக்கொண்டார். ஏற்றும்போது இவர் காதோரம், "நம்ம பெல்ட்டையாவது கழட்டிக்கலாமா?"

"வேண்டாமுங்க. அதுலயும் யாரோ ஒரு பாப்பா உக்காரும்."

டெம்போ திரும்பும்வரை பார்த்தேன். கஷ்டமாக இருந்தது. அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அழவில்லை.

மே 6, புதன்

மழை, விட்டு விட்டு. இரண்டு வண்டிதான், ஆனாலும் வரிசை நிற்கிறது. பாப்பாவுக்குச் சளி.

மாலை போன். அண்ணன். இவருக்கு இல்லை, எனக்கு. முதல் தடவை.

"இங்க கேத்தியில ஒரு எடம் பாத்திருக்கேன். கூட்டாளி வண்டி ரெண்டு சேத்து ஓட்டறோம். நீ போட்ட மாதிரியே ரெண்டு பெல்ட் வாங்கி அனுப்பு."

"புல்லியப் பாக்காம பெல்ட் சொல்ல முடியாதுங்க மாமா. கழட்டிக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்."

"நான் உன்கிட்ட வரணுமா?"

"ஆமாங்க. இங்கதான் வரணும்."

கட் பண்ணிவிட்டார்.