குதிரை ஏறிய கோபுரம்

செவில்லா, திரியானா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ருஃபினாவுக்கு அம்மா ஆசை முத்தங்களோடு எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் அப்பாவும் கேனரிக் குருவியும் நலம், மூவரில் அதிகம் சத்தம் போடுவது இன்னமும் உன் அப்பாதான். அங்கே கடல் கடந்து சாந்தியாகோவில் நீயும் மாப்பிள்ளையும் என் செல்லப் பேத்தி ஹுஸ்தாவும் சுகமாக இருக்க வேண்டும், குழந்தைக்கு வயிற்று வலி நின்றதா என்று உடனே எழுது.

ஃபோனில் நீ அழுததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு தூரம் போய்க் குடியேறிவிட்டேன் என்று அப்பாவுக்கு என்மேல் இன்னும் கோபம், அதனால்தான் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குக்கூட வரமாட்டேன் என்கிறார் என்றாய். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை மகளே. குருவியை யார் பார்ப்பது என்று அவர் சொன்னதும் வெறும் சாக்கு, அதைப் பக்கத்து வீட்டு எஸ்பெரான்சா பார்த்துக்கொள்வாள். உன் அப்பாவுக்கு உயரம் என்றால் பயம். இந்த வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவது எப்போதும் நான்தான், நீ அதை ஏதோ பெண்ணுரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தாய். முதலில் விமானம், பிறகு பதினெட்டாம் மாடியில் உன் வீடு, போதாததற்கு அந்த ஊரில் பூமி வேறு அடிக்கடி தலையாட்டுமாம். இதை வாய்விட்டுச் சொன்னால் மீசையின் மரியாதை என்ன ஆவது. ஃபோனில் பேசினால் ஒட்டுக்கேட்பார் என்றுதான் எழுதுகிறேன், நீயும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே.

வியாழக்கிழமை உன் மாமியார் ஒர்தென்சியா வந்திருந்தார். சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தவர் ஒருநாள் எங்களுக்கென்று ஒதுக்கினார், நல்ல மனுஷி, எதைக் கொடுத்தாலும் இதில் அவகாடோ இல்லையா என்று கேட்பதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார், வெள்ளைச் சட்டை, வாசனைத் தண்ணீர், மாப்பிள்ளை முறுக்கு. ஸ்பெயின் சதுக்கத்தில் ஓடு பதித்த பெஞ்சுகளைக் காட்டி, அந்த ஓடுகளைத் தானே சூளையில் சுட்டெடுத்த மாதிரி அளந்துவிட்டார். ஆனால் மேல்மாடத்துக்குப் போவோமா என்று சம்பந்தியம்மா கேட்டதும் இவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. காளான் வடிவில் மரத்தால் கட்டிய அந்தப் பெரிய கூரைக்குப் போனோம், மேலே நடக்கப் பாதை இருக்கிறதாமே என்றார் அவர், காளானைக் கீழருந்துதாங்க பாக்கணும் என்றார் உன் அப்பா. அப்புறம் அதுவே ஒரு தத்துவமாகிவிட்டது, கட்டடத்தோட முழு அழகும் கீழ நின்னு பாத்தாத்தான் தெரியும், மேல ஏறிட்டா கட்டடம் எங்க தெரியுது என்று போகிற இடமெல்லாம் பிரசங்கம். என் முகத்தை அடக்குவதுதான் பெரும்பாடு.

கீரையும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டுவிட்டு தேவாலயத்து மணிக்கோபுரமான ஹிரால்டாவின் அடிக்கு வந்தோம். நில அதிர்ச்சியில் கோபுரம் சாயாமல் ஹுஸ்தா, ருஃபினா என்ற புனிதச் சகோதரிகள் ரெண்டு பக்கமும் நின்று தாங்கிப் பிடித்த கதையை அப்பா சொன்னார், அதான் எம்பொண்ணுக்கு ருஃபினான்னு பேரு, அவ இப்ப பேத்திக்கு ஹுஸ்தான்னு வச்சிருக்கா என்று சொல்லும்போது மூக்கு சிவந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ள படியே கிடையாதுங்க, எல்லாம் சரிவுப் பாதை, அந்தக் காலத்துல இது மசூதிக் கோபுரம், தொழுகைக்குக் கூப்பிடறவர் குதிரையிலயே மேல போவாராம் என்று பெருமையடித்தார். சம்பந்தியம்மா கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து பார்த்து, குதிரையே ஏறியிருக்கு, நீங்க ஏறமாட்டீங்களா சம்பந்தி என்று கேட்டாரே பார்க்கலாம். நான் தேவாலயத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிலுவை போட்டேன், சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

ஏறினார். நாற்பது வருஷமாக ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கோபுரத்தைப் பார்த்து வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், உள்சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். ஒவ்வொரு ஜன்னலிலும் சம்பந்தியம்மா எட்டிப்பார்த்து ஆகா என்றார், இவர் எதிர்ச்சுவரைப் பார்த்து ஆமாங்க ரொம்ப அழகு என்றார். பாதி வழியில் என் கையைப் பிடித்தார், கல்யாணத்தன்றுகூட அப்படி இறுக்கிப் பிடிக்கவில்லை. உள்ளங்கை நனைந்திருந்தது ருஃபினா, அதற்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை. உச்சியில் தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். திடீரென்று தலைக்கு மேல் மணி அடிக்க, பதறிக் கண்ணைத் திறந்தவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார். ரேயெஸ், கொடியில என் துணிய எடுக்காம வந்துட்டியே என்று என்னைக் கடிந்தார். அவ்வளவு தூரத்தில் துணி எங்கே தெரியப்போகிறது, ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

இறங்கி வந்து ஆரஞ்சு மரத்தடியில் தண்ணீர் குடித்தபின், ஞானஸ்நானம் என்னைக்கு வச்சிருக்காங்க என்று சம்பந்தியம்மாவிடம் அவரே கேட்டார். இவர் முழங்கால் வலியை நிஜமென்றே நம்பியிருந்த அந்த அம்மா, வீடு பதினெட்டாம் மாடிங்க, பரவாயில்லையா என்றார். மாடி எத்தனையா இருந்தா என்னங்க, ஒரு பக்கம் ருஃபினா ஒரு பக்கம் ஹுஸ்தா, அவ்ளோ பெரிய கோபுரத்தையே புடிச்சு நிறுத்தினவங்க என்னையா விட்டுடுவாங்க என்றார். நான் கைப்பையில் கைக்குட்டை தேடினேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று, ஜன்னல் சீட் எனக்கு. அங்கே இப்போது குளிரா வெயிலா என்று எழுது, ஸ்வெட்டர் எடுத்துவைக்க வேண்டும். பால் கொடுக்கிறவள் காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, ரொட்டியும் எண்ணெயும் தக்காளியும் சாப்பிடு. மாதா உங்கள் மூவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக.

ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா உன் பால்கனிக்கு வரும்போது சிரிக்காதே. ஒரு பக்கம் நீ நில், மறுபக்கம் மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும். அவர் கண்ணை மூடியிருந்தாலும் கண்டுகொள்ளாதே, கையை மட்டும் விட்டுவிடாதே.

உன் அம்மா,
ரேயெஸ்