வேட்டியால் துடைத்த கேலக்ஸிகள்

உன் வீட்டுக்காரி நீட்டிய செல்போனை எச்சில் தொட்டு வேட்டி முனையால் துடைத்துவிட்டேன். அதுவும் உன் காரியத்தன்று, ஊர்ச்சனம் பார்க்க. திரை முழுக்கத் தூசு என்று நினைத்தேன்.

"ஏனுங்ணா, அது அழுக்கில்லீங்க. அத்தனையும் கேலக்ஸி" என்றாள்.

விண்வெளியில் மிதக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கி எடுத்த படமாம். அவ்வளவு தொலைவிலிருந்து கிளம்பும் ஒளி வழியிலேயே இழுபட்டு, நம் கண்ணுக்கு எட்டாத வெப்பக்கதிராகிவிடுமாம். அதை அந்தக் கருவி பிடித்துவிடுமாம். கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட எத்தனை செலவு, எத்தனை ஆள்! நீ வடகரப்பதியில் ஒற்றைக் கிணற்றுக் குழாயை வைத்தே அந்த வேலையைச் செய்தவனாயிற்றே.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை. பக்கத்துச் சித்தூரில் இயற்பியல் படித்த பெண், அப்பாவோடு தானும் உன் வீடு பார்க்க வந்திருந்தாள். வந்த இடமெல்லாம் தட்டிப்போன உனக்கு இதுவும் போனால் கதியில்லை. காட்ட உன்னிடம் என்ன இருந்தது? காய்க்காத தென்னையும் ஒழுகும் ஓடும். பொழுது சாய்ந்ததும் கேலக்ஸி காட்டுகிறேன் என்று எல்லாரையும் கடலைக்காட்டுக்கு ஓட்டிப்போனாய். வில்லைகள் ஒட்டித் தொலைநோக்கியாக்கிய அந்தக் குழாயை வடக்கே திருப்பிப் பெரியவரைக் குனிய வைத்தாய்.

"ஒண்ணையுங் காணமுங்களே, மாப்ளே."

"நல்லா உத்துப் பாருங்க மாமா. ரொம்ப தூரமுங்க, அப்புடித்தான் இருக்கும்."

அடுத்து நான். கண்ணைச் சுருக்கினேன், விரித்தேன், குழாய் முனையை வேட்டியால் துடைத்தும் பார்த்தேன். கும்மிருட்டு.

"டேய், சாணிக் குழிக்குள்ள பாத்தாலும் இதேதாண்டா தெரியும்" என்றேன். பெரியவர் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடினார். உன் முகம் செத்துப்போனது.

அப்போதுதான் அவள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"தெரியுதுங்ப்பா. பஞ்சப் பிச்சு வெச்சாப்புல, மங்கலா ஒரு வெளுப்பு."

"நெசமாவா கண்ணு?"

"நெசமாத்தானுங்."

தையில் கல்யாணம்.

இரக்கப்பட்டுப் பொய் சொன்னாள் என்றுதான் அன்றிலிருந்து போகிற பந்தியிலெல்லாம் சொல்லிவருகிறேன். புளுகன், குருட்டுக் குழாய், பொய்யில் கட்டிய தாலி! உன்னைக் கேவலப்படுத்தியே நான் பெரிய நகைச்சுவையாளன் ஆனேன். நீ ஒருமுறையாவது மறுத்தாயா? "அவ பாத்தாப் போதுமுடா" என்பாய். சூடுசுரணையற்ற ஜென்மம்.

காரிய வீட்டில் அவளையே கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லம்மா, அன்னைக்கு என்னதான் தெரிஞ்சுது?"

"கேலக்ஸிதானுங்ணா. இந்தப் படத்துல இருக்கறதப் பாத்தா, அது பக்கத்து ஊடு."

புருஷனைப் பறிகொடுத்தவளிடம் என்ன வாதாடுவது? விட்டுவிட்டேன். நீ புளுகன்தான். அந்த எண்ணத்தை நான் சாகும்வரை விடுவதாயில்லை.

பெண் வீட்டார் முன் எடுப்பாகத் தெரியவேண்டுமென்று அன்று என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உன் காரியத்தன்றும் அது பையில்தான் இருந்தது.