பிறேமன் ஹோட்டலில் இரண்டு அறை

1993 ஏப்ரல் 18, ஞாயிறு

ஜேர்மனியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அண்ணன் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, நான் உடைக்கும்வரை கதவடியிலேயே நின்றார். உள்ளே ஒரு ஹோட்டலின் விளம்பரத் தாள். ஓரத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா எழுதியிருக்கிறார்: "மே கடைசி விடுமுறைக்கு இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன். மலிவு. நல்ல துப்புரவு."

இரண்டு அறை. யார் யாருக்கு?

அண்ணனின் வேலையிடத்துச் சிநேகிதர் கொண்டுவந்த சம்பந்தம் இது. ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு நாற்பத்தாறு, எனக்கு நாற்பத்தொன்று. பிறேமனில் ஓர் அச்சகத்தில் வேலை. அகதிப் பத்திரத்தோடு இருப்பவருக்கு இங்கே லண்டன் வர விசா எடுப்பது பெரும்பாடு. என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போட் இருப்பதால் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கப் பெண் பஸ் ஏறுகிற காலம்!

கலியாணம் முற்றாக முன் அவர் இருக்கும் இடத்தில் நிற்க ஏலாது. அங்குள்ள தமிழ் வீடொன்றில் நின்றால் விடிவதற்குள் ஐரோப்பா முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஹோட்டல். அது சரி. ஆனால் இந்த ஹோட்டலா? ஒவ்வொரு அறையையும் ஒவ்வோர் ஓவியர் கீறியிருக்கிறாராம். ஓர் அறையின் சுவர் முழுக்க நீலத்தில் மீன். இன்னொன்றில் எலுமிச்சை மரங்கள். மற்றொன்றில் முகட்டில் ஒரு பெரிய கண், நேரே கட்டிலைப் பார்த்தபடி. குளிக்கிற அறை வெளியில், நாலு அறைக்கு ஒன்று.

ஒழுங்கான மனுசன் ஒழுங்கான ஹோட்டலை அல்லவா பிடிப்பான்?

ஏப்ரல் 20

அண்ணன் கேட்டார், "என்ன யோசிக்கிறாய்?" ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கண்ணைத்தான் யோசித்தேன்.

ஏப்ரல் 22, வியாழன்

இன்று அவர் தெருப் போன் பூத்திலிருந்து எடுத்தார். குரல் அடக்கமானது. அடக்கமான குரலை நான் நம்புவதில்லை. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு வருசமாக இருக்கிறேன். தினமும் இரண்டு தரம் பல்லுத் துலக்குகிறேன் என்று எவ்வளவு அடக்கமாகப் பொய் சொல்கிறார்கள்!

இரண்டு அறையும் எங்களுக்குத்தானாம், எனக்கொன்று, துணைக்கு வருகிறவருக்கொன்று. துப்புரவு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் அங்க அடிக்கடி போய் வாறனான்."

"ஹோட்டலுக்கோ? உள்ளூர்க்காரர் ஹோட்டலுக்கு ஏன் போறீங்கள்?"

 அதோடு லைன் அறுந்தது. போன் கார்ட் முடிந்திருக்கும் என்றார் அண்ணன். முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு எப்படிச் சரியாக முடிந்தது?

அண்ணனுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. முந்தி எனக்குப் பேசிய ரொறன்ரோக்காரனும் இப்படித்தான் நல்லவனாகக் கதைத்தான். தாலிக்குப் பவுண் வாங்கிய பிறகல்லவா அவனுக்கு அங்கே மனைவி இருப்பது தெரியவந்தது. அன்றைக்குக் கோயிலில் பழக்கமான பாலாம்பிகை அக்கா விசாரித்துச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்று எங்கே இருந்திருப்பேன்?

ஏப்ரல் 25, ஞாயிறு

ஆர்ச்வே முருகன் கோயில். பூசை முடிந்து கீழே சாப்பாட்டு வரிசையில் பாலாம்பிகை அக்காவைப் பிடித்தேன். அவவின் தம்பி குடும்பம் டோட்முண்டில். ஜேர்மனியில் எந்தத் தமிழன் தும்மினாலும் அக்காவுக்குத் தெரியும்.

"விசாரிச்சுப் பாருங்கோ அக்கா. என்ர பேரைச் சொல்லாதேங்கோ. பிறேமனில ஒரு ஹோட்டலுக்கு அடிக்கடி போறாராம். அங்க ஆரும் பொம்பிளை இருக்கோ எண்டு கேளுங்கோ."

"என்ன ஹோட்டல் பிள்ளை?"

"படம் கீறின ஹோட்டல். ஒரு அறையில முகட்டில பெரிய கண் ஒண்டு கீறியிருக்கு."

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "கண்ணோ!" என்றாள். நான் சும்மா சொன்னேன், அடையாளத்துக்கு.

ஏப்ரல் 28

மத்தியானம் டொக்டர் சாப்பிடப் போன நேரம் ஹோட்டலுக்கே போன் அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். நன்றாக இங்கிலிஷ் கதைக்கிறாள். இரண்டு அறை இருக்கிறதா என்று கேட்டேன். "ஆ, சிறியின் விருந்தாளிகள்!" என்று சிரித்தாள்.

சிறி. ஸ்ரீஸ்கந்தராஜா என்ற முழு நீளப் பெயர் அவளுக்குச் சிறி ஆகிவிட்டது. நான்கூட அவரை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதற்காக அந்தச் சிரிப்பு?

மே 2, ஞாயிறு

டொலறஸ் என்னோடு வர ஒத்துக்கொண்டாள். பக்கத்துத் தெரு, புருசன் இல்லை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பயணம் என்றால் பாதி உயிர். விளம்பரத் தாளை வாங்கி எலுமிச்சை அறையை உடனே தனக்கென்று சொல்லிவிட்டாள்.

"எவ்வளவு வடிவு! ஏன் தவம் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறீர்?"

சொன்னேன். சிறி, சிரிப்பு, அறுந்த லைன் எல்லாம்.

"அந்தாளிட்டையே கேட்டா என்ன?"

கேட்டால் உண்மை சொல்வாரா? கேட்கிறவளிடமே உண்மை சொல்கிற ஆம்பிளையை டொலறஸ் எங்கே கண்டாள்? நாங்கள் விசாரிக்கிற சனம். கண்ணால் பார்த்ததைவிட நாலு இடத்தில் கேட்டதைத்தான் நம்புவோம். அதில் பிழையுமில்லை.

எப்படியும் பஸ்ஸுக்கு எழுதி வைத்தாயிற்று. வியாழன் பின்னேரம் விக்டோரியா பஸ் நிலையத்தில் ஏறினால் வெள்ளி மத்தியானம் பிறேமன். ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி இருக்குமாம். இடித்த சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோக வேண்டும். குளிக்கிற அறைக்குப் போய்வர நீளச் சட்டை.

மே 9, ஞாயிறு

நான் நினைத்தது சரி.

பாலாம்பிகை அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "பிள்ளை, விசாரிச்சாச்சு. டோட்முண்டில சனம் வெளியாக் கதைக்குது. அவர் அந்த ஹோட்டலில ஒரு பொம்பிளையை வச்சிருக்கிறாராம். முகட்டில கண் கீறின அறையாம். மூண்டு குடும்பம் ஒரே கதையைச் சொல்லுது. லண்டன் ஆக்களுக்கும் தெரியுமாம்."

மூன்று குடும்பம். கண் அறை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரயிலில் வரும்போது அழுகை வரவில்லை. ஒரு திருப்திதான் வந்தது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். நோர்பரியில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வந்தது. ஏன் எனக்கே இப்பிடி? நான் ஆருக்கு என்ன செய்தனான்? புதுச் சேலைக்குச் சட்டை தைக்கக் குடுத்திட்டன். அந்த நீல மீன் அறையை எனக்கெண்டு மனசுக்குள்ள எடுத்தும் வச்சிருந்தன். ஆருக்கும் சொல்லேல்லை, டொலறஸுக்குக்கூட.

மே 10

அச்சகத்து நம்பருக்கு நானே எடுத்தேன். மெசின் சத்தத்துக்குள் அவர் குரல்.

"நான் வரேல்லை. அறையளைக் கான்சல் பண்ணுங்கோ."

"ஏன் எண்டு கேக்கலாமோ?"

"உங்களுக்கே தெரியும்."

"சரி" என்றார். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. குற்றமில்லாதவன் கத்தியிருக்க மாட்டானா?

மே 11

அண்ணன் என்னோடு கதைக்கவில்லை. சேலைச் சட்டையை வாங்கப் போகவில்லை.

மே 16, ஞாயிறு

இன்று கோயிலுக்குப் போகவில்லை. பின்னேரம் டொலறஸ் வந்தாள். மோர்டனில் மச்சாள் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போய் அப்படியே வந்திருக்கிறாள், நகைகூடக் கழற்றவில்லை. ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. டொலறஸ் வாய் மூடி இருந்தால் பயப்பட வேண்டும்.

"அங்க குசினிக்குள்ள உம்மட பிறேமன் கதைதான் ஓடுது."

"பாத்தீரோ? மோர்டனுக்கும் தெரியும்."

"ஆர் அந்தப் பொம்பிளை எண்டு கேட்டன். இங்க லண்டன்தானாம். நோர்பரிப் பக்கமாம். பல் டொக்டரிட்ட வேலையாம். வயசு போயிட்டுதாம், கலியாணம் ஆகேல்லையாம். மே மாசக் கடைசிக்கும் அறை போட்டிருக்காம்." கோப்பையை வைத்தாள். "தவம், அது நீர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு எழுந்துபோய் அந்த விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தேன்.

கண் அறை. அந்தத் தாள் என் கையில் மட்டும்தான் இருந்தது. சாப்பாட்டு வரிசையில் நின்று நான் கேட்ட கேள்வி டோட்முண்டுக்குப் போய், அங்கே வீடு வீடாக ஏறி இறங்கி, பதிலாக மாறி என்னிடமே வந்திருக்கிறது. நான் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று குடும்பமும் சொன்னது ஒரே கதைதான், ஏனென்றால் மூன்று பேருக்கும் அது என்னுடைய வாயிலிருந்து போனது. அக்கா சொன்ன வாக்குத் தவறவில்லை. பெயரைத்தான் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொல்லிவிட்டாள்.

அந்த மனுசன் ஒரு பொம்பிளைக்கு அறை போட்டார்தான். எனக்கு.

மே 17

காலையில் டொக்டர் வரமுன் அச்சகத்துக்கு எடுத்தேன். இரண்டு தரம் நம்பர் பிழைத்தது.

"அந்தக் கதை என்ர வாயிலயிருந்துதான் புறப்பட்டது" என்றேன். மன்னிப்புக் கேட்கப் பாடமாக்கி வைத்த வசனமெல்லாம் போய்விட்டது.

"தெரியும்" என்றார். "கண் அறை எண்டு ஆக்கள் சொன்ன உடனே தெரியும். அந்தத் தாளை நான் உங்களுக்கு மட்டும்தானே அனுப்பினனான்."

"பிறகேன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே."

அவர் கத்தட்டும் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறாராம். இப்போது தாய்மார் பிள்ளைகளை அனுப்ப யோசிக்கிறார்களாம். போன சனி அரைவாசிப் பேர்கூட வரவில்லை. அதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் உடைந்தது. இதற்கு நான் என்ன சொல்ல? நான் ஒரு மனுசரின் நல்ல பெயரைச் சோற்று வரிசையில் வைத்துத் தின்னக் கொடுத்தவள்.

"இப்ப கேக்கிறன்" என்றேன். "ஏன் அந்த ஹோட்டலுக்குப் போறனீங்கள்?"

ஹோட்டலின் விளம்பரத் தாளை அடிப்பது அவருடைய அச்சகம்தானாம். தாளில் விழுகிற நீலமும் சுவரில் இருக்கிற நீலமும் ஒன்றா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் இவரைத்தான் அனுப்புவார்களாம். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு அவர் சிறி. அன்றைக்குக் கார்ட்தான் முடிந்தது.

"ஊரில எத்தினை சாதாரண ஹோட்டல் இருக்கு. ஏன் இது?"

"வந்த புதுசில முகாமில நாலு வருசம் வெள்ளைச் சுவரைப் பாத்தனான். உங்களை முதல்முதல் கூப்பிடேக்க இன்னொரு வெள்ளைச் சுவருக்குள்ள கூப்பிட மனம் வரேல்லை."

டொக்டர் உள்ளே வந்துவிட்டார். நான் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

மே 19

அவர் அறைகளைக் கான்சல் பண்ணிவிட்டார். நான் சொன்னதைத்தானே செய்தார். நானே ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். விடுமுறை என்பதால் மிச்சம் இருந்தது இரண்டுதான், எலுமிச்சையும் கண்ணும். என் பெயரில் எழுதச் சொன்னேன். வரலாமா என்று அவரிடம் கேட்டதற்கு, "பஸ்ஸடிக்கு வருவன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் கோபம் இருந்ததா?

மே 23, ஞாயிறு

செய்துவிட்டேன்.

கோயிலில் இன்று நல்ல கூட்டம். அதே சாப்பாட்டு வரிசை. பாலாம்பிகை அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுக்கப் பார்த்தாள். நான் போகவில்லை. வரிசை முழுக்கக் கேட்கக் கூடியதாகச் சொன்னேன்:

"அக்கா, பிறேமன் ஹோட்டல் பொம்பிளை நான்தான். தவநாயகி, நோர்பரி. வாற வியாழக்கிழமை போறன். இதுக்கு முதல் நான் அங்க காலடி வைக்கேல்லை, வேற ஒருத்தியும் இல்லை. ஆளைப் பாக்காமல் பழி சொன்னது நான். இதையும் டோட்முண்டுக்குச் சொல்லிவிடுங்கோ. இந்த முறை பேரோட சொல்லுங்கோ."

சாதம் போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். அக்காவின் முகம் கறுத்துப்போனது. பாவம், அவ எனக்கு நன்மை செய்யத்தான் ஓடித் திரிந்தாள். ஆனால் வேறு எந்த வழியால் இது அங்கே போய்ச் சேரும்? போன கதை போன வழியாலேயே திருத்தமும் போகட்டும்.

 திரும்பும் ரயிலில் அண்ணன், "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போய், "சேலைச் சட்டையை நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார்.

மே 29, சனி. பிறேமன்

நேற்று பஸ்ஸடியில் நின்றார். படத்தில் இருந்ததைவிட மெலிவு. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். ஏன் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு வாயாலேயே கேட்டேன். "குளிர்" என்றார்.

இன்று காலை, "பள்ளிக்கூடம் இருக்கு, வாறீங்களோ?" என்றார். ஒரு சேர்ச்சின் கீழ்த்தளம். டொலறஸும் நானும் கடைசி வாங்கில் இருந்தோம். முதலில் நாலே நாலு பிள்ளைகள். அவர் பாடத்தைத் தொடங்கிவிட்டுக் கதவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். நானும் பார்க்காமல் இருந்தேன். பிறகு இன்னும் மூன்று பிள்ளைகள் தாய்மாரோடு வந்தார்கள். தாய்மார் போகவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருந்து என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்கள். டோட்முண்டிலிருந்து செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்று விளங்கியது.

பாடம் முடிய ஒருத்தி எழுந்து அவரிடமே கேட்டாள், "மாஸ்டர், இவ ஆர்?"

அவர் என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தரம் சிரித்தார்.

"இவ என்னை விசாரிக்க வந்தவ."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "அப்ப, விசாரிச்சு முடிஞ்சுதோ?"

"இல்லை" என்றேன். "இன்னும் கன விசயம் கேக்கக் கிடக்கு. அவரிட்டையே கேட்டுக்கொண்டு இருக்கிறன்."