போகட்டும் என்று நான்தான் சொன்னேன்

பிப்ரவரி 3, செவ்வாய்

கணக்கில் முப்பத்தெட்டு மார்க். அம்மாவிடம் காட்டினேன். தையற்கடையிலிருந்து வந்த சட்டைகள் அவள் மடியில் குவிந்து கிடந்தன. காஜா எடுத்து, பொத்தான் தைத்து நாளைக்குள் கொடுக்க வேண்டும். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பார்த்தாள். “அடுத்த தடவை பார்த்துக்கலாம்.” திட்டியிருந்தால் தேவலை.

வாலுவுக்கு இன்றோடு பத்து வயது முடிகிறது. தங்கை என்று ஒன்று வாய்த்தால் இப்படியா வாய்க்க வேண்டும்? பள்ளியில் கொடுத்த படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “மதம்னு ஒரு கட்டம் இருக்கு, என்ன எழுத?” என்று அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டாள். அப்பா சாமி படத்தையும் எதிர்ச்சுவரில் அம்மாவின் சிலுவையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“காலியா விடு. பதினெட்டு வயசானதும் நீயே பார்த்து எழுதிக்கோ. உங்கம்மாவும் நானும் அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்.”

“டீச்சர் அடிப்பாங்கப்பா.”

“அப்ப, ‘விசாரணையில் உள்ளது’ன்னு எழுது.”

எழுதியே விட்டாள்!

பிப்ரவரி 8, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அப்பாவோடு கோயில். ஞாயிறு அம்மாவோடு சர்ச். கோயிலில் நான் ‘அந்தச் சர்ச்சுக்காரி மக’. சர்ச்சில் ‘அந்தக் கோயில்காரன் பொண்ணு’. இரண்டு இடத்திலும் கடைசி வரிசை. வாலு மட்டும் யாரையாவது சிரிக்க வைத்து முன்னால் போய் நின்றுகொள்கிறாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

அப்பாவின் கை. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 21, சனி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளைத் தேய்க்க இரண்டு பெரிய உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும், நெருப்பாகக் கொதித்துக்கொண்டு. ஒரு போர்வை சுருண்டுகொண்டு போனதாம். அப்பா இழுத்து நீவிவிட்டிருக்கிறார். போர்வையோடு வலது கையும் உள்ளே போய்விட்டது. மெஷினை நிறுத்தும் சுவிட்ச் அந்தப் பக்கம். ஆள் ஓடி வந்து நிறுத்துவதற்குள்—

விரல்கள் இருக்கின்றன. இனி மடங்காது என்கிறார் டாக்டர்.

அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறார். இடது கையால் போர்வையைத் தடவி, “இது நான் போட்டதுதான், மடிப்பைப் பாரு” என்றார். அம்மா சிரித்தாள். பிறகு வெளியே போய், கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மார்ச் 6, வெள்ளி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் பெரியப்பா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, அவர் என்றைக்கும் வந்ததில்லை. வாசலில் நின்றபடியே, “எல்லாம் அவ காலடி வெச்ச நேரம்டா” என்றார். அம்மா டீ டம்ளரோடு அவருக்கு எதிரில்தான் நிற்கிறாள்.

“அண்ணே, மெஷின்ல கையை விட்டது நான். அவ இல்ல.”

பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, திரும்பிப் போனார். அந்த டீயை அம்மாவே குடித்தாள், நின்றபடி, சூடாறுவதற்குள்.

மார்ச் 29, ஞாயிறு

சலவைக்கூடத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இரண்டு தையற்கடைகளுக்கு வேலை எடுக்கிறாள். அப்படியும் இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா உட்காருவதில்லை. “பசிக்கல” என்கிறாள்.

இன்று பெரியம்மா வந்தாள், அம்மாவின் அக்கா. அம்மாவின் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை. சர்ச் நடத்தும் பெண்கள் விடுதியில் வார்டன். அங்கே ஒரு இடம் இருக்கிறதாம். வாலு வயதுக்குத்தான். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே.

“ஆனா ஞானஸ்நானம் எடுத்திருக்கணும். நான் போட்ட சட்டம் இல்ல இது.”

வெறுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். போகும்போது என் தலையைத் தடவி, “சின்ன வயசுல உங்கம்மா இப்படித்தான் இருந்தா” என்றாள்.

மார்ச் 30, திங்கள்

எங்கள் வீட்டில் பெரிய விஷயம் எதுவானாலும் நால்வரும் உட்கார்ந்துதான் முடிவு செய்வோம். வீடு மாறினது, அம்மா வேலை எடுத்தது எல்லாம் அப்படித்தான். இன்றும் உட்கார்ந்தோம்.

வாலு: “நான் போகல.”

அம்மா: “நான் எது சொன்னாலும் என் பக்கம் இழுத்த மாதிரி ஆயிடும். என்னை விட்டுடுங்க.”

அப்பா: “என் வாயால அவளை அனுப்ப மாட்டேன். பட்டினி போட்டு வெச்சுக்கவும் மாட்டேன்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

“போகட்டும்” என்றேன். “அவளுக்கு நல்லதுதானே.”

அவளுக்கா? நேற்று அடுப்படியில் அம்மா சொன்னது என் காதில் விழுந்ததே— ஒருத்தி போனா மூத்தவளாவது படிப்பை முடிச்சிடுவா. அது என் மனதில் இல்லை என்று இந்த நோட்டிலாவது எழுத முடியுமா?

வாலு அழவில்லை. என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

மே 17, ஞாயிறு

ஞானஸ்நானம். அப்பா சர்ச்சுக்குள் வரவில்லை. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட, நல்ல சட்டையோடு வந்து வாசல் மரத்தடியில் நின்றார். வாலு ஈரத் தலையோடு அவரிடம்தான் ஓடினாள். தோள் துண்டை எடுத்து ஒற்றைக் கையால் துவட்டிவிட்டார். “சளி பிடிக்கும்டி.”

“அப்பா, இப்ப நான் வேற ஆளா?”

“அதே வாலுதான்.”

புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் யார் வாயிலும் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 1, திங்கள்

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீட்டில் சத்தமே இல்லை.

செப்டம்பர் 26, சனி

லீவுக்கு வந்திருக்கிறாள். வளர்ந்துவிட்டாள், கன்னத்தில் சதை போட்டிருக்கிறாள். யார் முதுகிலும் ஏறவில்லை. சாப்பிடும் முன் கண்ணை மூடுகிறாள். அவள் முடிக்கும்வரை அப்பாவும் சோற்றில் கை வைக்காமல் காத்திருக்கிறார்.

செப்டம்பர் 29, செவ்வாய்

காலையில் பாயில் முழங்காலிட்டு விம்மிக்கொண்டிருந்தாள். என்னடி என்று உலுக்கினேன்.

“அப்பா நரகத்துக்குப் போயிடுவார்க்கா. அவர் மனசு மாறணும்னு தினமும் கேட்டுக்கறேன். மாறவே மாட்டேங்கறார்.”

அப்பா பக்கத்தில் அடுப்படியில் இடது கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றது.

அம்மா எழுந்து வந்தாள். “யாருடி உனக்கு இதைச் சொன்னது? பெரியம்மாவா?”

“இல்லம்மா, அவங்க ஒண்ணும் சொல்லல. பாடத்துல இருக்கு.”

அப்பா வந்து அவள் முன்னால் குந்தினார். “எங்க அனுப்பினாலும் சமாளிச்சுக்குவேன். சூடு எனக்குப் பழக்கம்தானே?”

முன்பென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று அவர் கையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் அழுதாள்.

அவள் நடிக்கவில்லை. நிஜமாகவே பயப்படுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. கோபப்படவும் ஆள் இல்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

வாலு போய்விட்டாள். அப்பா பஸ் நிறுத்தம்வரை போனார். அவர் பக்கத்தில் நடக்காமல் இரண்டடி முன்னாலேயே போனாள்.

அம்மா இன்று சர்ச்சுக்குப் போகவில்லை. உடம்புக்கு என்ன என்றேன். “ஒண்ணுமில்ல. என்ன கேக்கறதுன்னு தெரியல.”

நவம்பர் 2, திங்கள்

அம்மாவின் கண் மங்குகிறது, நூல் கோக்க ஆகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அப்பா போய்க் கெஞ்சி, சலவைக்கூடத்தில் எனக்கு மடிக்கும் வேலை வாங்கினார். உருளைக்குக் கிட்டே போகக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

என் படிப்புக்காகத்தான் அன்று அந்த வார்த்தையைச் சொன்னேன். அதுவும் போயிற்று. இன்றைக்கு நால்வரும் உட்காரவில்லை. மூவர்கூட உட்காரவில்லை.

டிசம்பர் 13, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் டயர் கடையில் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். வாலு. வருஷக் கடைசி லீவுக்கு வரமாட்டாளாம். பாட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறார்களாம். குரல் மெலிதாக, ஒழுங்காக இருந்தது, வேறு யார் வீட்டுப் பிள்ளையோ போல.

“என் மேல கோவமாடி?” என்றேன்.

“இல்லக்கா. நீ அனுப்பினதாலதான் எனக்கு வழி தெரிஞ்சுது. உனக்காகவும் வேண்டிக்கறேன்.”

“அப்பாகிட்டப் பேசறியா? கூப்பிடவா?”



“வேண்டாம்க்கா. மணி அடிச்சிட்டாங்க.”

எனக்கு மணி எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா கதவருகில் நின்றிருந்தார். “வாலுவா? என்ன சொன்னா?”

“லீவுக்கு வரலையாம். பாட்டு ஒத்திகை இருக்காம்.”

“அப்படியா. என்னைக் கேட்டாளா?”

“கேட்டா.”

“என்ன கேட்டா?”

“கை எப்படி இருக்குன்னு.”

அப்பா வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தேவலைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லிட்டேன்ப்பா.”