பச்சை என்று சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால், இந்த இரண்டு அறை வீட்டில் நான் பெருமூச்சு விட்டாலே என் வீட்டுக்காரர், உங்கள் கூடப்பிறந்த தம்பி, காதில் விழும். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாமதமானால் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவார்.

இவர் ஓட்டிய ரயிலின் முன்னால் ஓர் ஆள் வந்து விழுந்ததை அப்போதே சொன்னேன். இவர்மேல் தப்பில்லை என்று விசாரணையிலும் முடிவாகிவிட்டது. அவ்வளவு வேகத்தில் வருகிற வண்டியை யாரால் பிடித்து நிறுத்த முடியும்? ஊருக்கே புரிகிறது, இவருக்கு மட்டும் புரியவில்லை. சரியான தூக்கம் கிடையாது. குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, அதனால் பானையில்தான் சோறு வடிக்கிறேன். அந்த ஆள் மஞ்சள் சட்டை போட்டிருந்தானாம். வீட்டிலிருந்த மஞ்சள் துண்டைக்கூட ஒளித்து வைத்துவிட்டேன்.

என்ஜினில் டிரைவர் சிக்னலின் நிறத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லவா? இப்போது வீட்டிலும் அதே கதைதான். குளியலறைக் கதவைத் திறக்கும் முன் "பச்சை" என்கிறார். நான் அடுப்படியிலிருந்து "பச்சை" என்கிறேன். சொல்லாவிட்டால் அங்கேயே நிற்கிறார். எனக்கு எப்போது ரயில்வேயில் வேலை கிடைத்தது என்று முதலில் கிண்டல் செய்தேன். இப்போது பயமாக இருக்கிறது அண்ணி. இவரைக் காட்டிவரும் மனநல டாக்டரம்மாவும், "நீங்க பதில் சொல்லச் சொல்ல, பயப்படுறது சரிதான்னு அவர் மனசு நம்பிடும், கொஞ்சம் கொஞ்சமா விடுங்க" என்றார். எப்படி விடுவது?

கெட்டிக்கார டாக்டர்தான். நடந்ததை அவர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயத்தைக் குறைக்கிற சிகிச்சை இருக்கிறதாம். கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே நினைத்துப் பார்க்கிற முறையும் இருக்கிறதாம். தேவைப்பட்டால் மாத்திரை. எல்லாம் நன்றாகத்தான் போனது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார் பாருங்கள், அதோடு சரி. இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "அப்பாவும் இப்படித்தானே இருந்தாரு? இது ரத்தத்துல ஓடுது. மருந்து என்ன பண்ணும்?" என்றார். கல்குவாரி வெடி விபத்துக்குப் பிறகு, கதவு சாத்துகிற சத்தத்துக்கே மாமா தட்டை வீசி எறிவாராமே. எல்லோரும் அவரைக் கோபக்காரர் என்றே நினைத்தீர்கள். பாவம், அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. சின்னவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்து, "அப்போ எனக்கும் வருமாம்மா?" என்றாள்.

நான் தனியாகப் போய் டாக்டரம்மாவையே கேட்டேன். "ஒரே மழையில நனைஞ்சாலும் சில பேருக்குத்தான் காய்ச்சல் வருது. உடம்புவாகு பரம்பரையா வரலாம், ஆனா வந்தே தீரும்னு இல்லை. வந்தாலும் மருந்து இருக்கு" என்றார். சின்னவள் கேட்டுக்கொண்டாள். உங்கள் தம்பி கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை வளர்த்து என் தலையில் கட்டியது நீங்கள்தானே. மாதக் கடைசியில் டாக்டரிடம் போக வேண்டும். போகமாட்டாராம், வேலையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறாராம்.

அண்ணி, தப்பாக நினைக்காதீர்கள். போன வருடம் இங்கே தங்கியிருந்தபோது சாப்பிட்டுவிட்டு ஒரு மாத்திரை போடுவீர்கள். பிரஷருக்கு என்றீர்கள். அதே மாத்திரையை டாக்டரம்மா இப்போது இவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் வேலை பார்த்த கட்டடம் இடிந்த பிறகு ஒரு வருடம் லிஃப்டில் ஏறாமல் இருந்தவர், இங்கே வந்தபோது சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு லிஃப்டில்தான் வந்தீர்கள். நான் எதையும் கேட்கவில்லை. இவரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

முடிந்தால் மாதக் கடைசிக்குள் ஒரு நடை வாருங்கள். நீங்களும் மாமாவின் பிள்ளைதான், அதே ரத்தம்தான். நான் சொல்லும் பச்சை அவரைக் குளியலறை வரைக்கும்தான் கொண்டுபோகிறது. அந்த வழியில் போய் மீண்டவர் நீங்கள். நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள் அண்ணி, அவர் புறப்பட்டுவிடுவார்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் தம்பி மனைவி