கப்பல் சமையற்காரனின் புத்தூர் கட்டு

ஜூன் 3, செவ்வாய். நகரி
புத்தூர் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். உடைந்தது வலது கை, அதனால் இடது கையில் எழுதுகிறேன். நான் படித்த நாலாங்கிளாஸுக்கு இந்தக் கையெழுத்தே அதிகம். கட்டுப் போடுகிறவர் எப்படி உடைந்தது என்று கேட்டார். "கப்பல்ல ஆம்லெட்டத் திருப்பினேன், கப்பலும் கூடத் திரும்பிக்கிச்சி" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் உடைந்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஜூன் 6
திருப்பதியிலிருந்து தாட்சாயணி என்று ஒரு பொண்ணு வந்தது. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு எதனால் அடிபடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறதாம். அதுக்கும் ஆம்லெட் கதைதான். சிரித்துவிட்டு, "நிஜங்கா சொல்லுங்க அண்ணா, அன்னிக்கு எவ்ளோ நேரம் தூங்கினீங்க?" என்றது. காபி ஆறுது, குடிம்மா என்றேன்.
அது போனதும் மல்லிகா பிடித்துக்கொண்டாள். "பொண்டாட்டிகிட்டதான் கதை வுட்ற. ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணுகிட்டயுமா?"

ஜூன் 7
கடல் அன்றைக்கு ஆடவே இல்லை. தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி இருந்தது. இருபத்திரண்டு பேருக்குச் சமைக்க, கழுவ, நானும் தனசேகரும் மட்டும். துறைமுகத்தில் நின்றால் ராத்திரியில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கும் சாப்பாடு வேற. ரெண்டு நாளாகக் கண் மூடாதவன், அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கி விழுந்தேன்.
இதைச் சொன்னால் கம்பெனி மறுபடி கூப்பிடுமா? வேற என்ன வேலை தெரியும் எனக்கு?

ஜூன் 10
தனசேகர் கப்பலிலிருந்து பேசினான். பிச்சாட்டூர்க்காரன், என் வயசுதான். எனக்குப் பதில் ஆள் இன்னும் வரவில்லையாம். மொத்தமும் அவன் தலையில்.
"எப்பிடிடா கீற?"
"சாம்பார்ல ரெண்டு வாட்டி உப்பு போட்டேன் மச்சான். மூணாவது வாட்டி கையவே வுட்டுடுவேன் போல கீது."
சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 11
பஸ் ஏறித் திருப்பதி போனேன். தாட்சாயணியிடம் எல்லாம் சொன்னேன், ஆம்லெட் இல்லாமல்.
"பேர் வெளிய வராது அண்ணா. அதே கப்பல்ல இன்னொருத்தரும் சொன்னா, துறைமுகத்துல கப்பல சோதனை பண்ற ஆபீசருங்ககிட்ட கொண்டுபோலாம்."
பேர் வராவிட்டால் என்ன, கை உடைந்த சமையற்காரன் யார் என்று கம்பெனிக்குத் தெரியாதா? தெரியட்டும் போ. அங்கேயே தனசேகரைக் கூப்பிட்டேன்.
"நீ சொல்ட்டியா?" என்றான்.
சொல்ட்டேன்டா.
பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடு."

ஜூன் 20
ஒரு சேதியும் இல்லை. தனசேகர் போன் எடுக்கவில்லை.

ஜூலை 5
போன வாரம் கப்பலில் சோதனை நடந்ததாம், தாட்சாயணி சொன்னது. கம்பெனி என்னை இன்னும் கூப்பிடவில்லை.
மத்தியானம் தனசேகருக்கு மறுபடி போட்டேன். வேற யாரோ எடுத்தார். தூத்துக்குடிப் பேச்சு.
"புதுசா சமையலுக்கு வந்திருக்கோம் அண்ணாச்சி, ரெண்டு பேரு. தனசேகர் அண்ணன் தூங்குதாரு. எழுப்பட்டா?"
"எப்பத்துலேர்ந்து தூங்கறான்?"
"நேத்து ராத்திரியிலேர்ந்து."
எழுப்பாதேப்பா என்றேன்.
மல்லிகா ஓடி வந்தாள். "இன்னா சொல்றாரு?"
குறட்டை வுடறான் என்றேன்.