துலா கேட்க மறந்த ஒலி

ஜனவரி 11, காலை 07:10
வெண்முனை நிலையம். வெப்பம் மைனஸ் ஒன்பது. காற்று மிதம். பனிக்குள் புதைத்த நாற்பத்தெட்டு உணரிகளும் வேலை செய்கின்றன. துலாவின் கணிப்பு: பச்சை. பனித்தட்டு இந்த வாரம் உடையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழ். பார்த்தேன், கையெழுத்திட்டேன்.

இதைப் பின்னால் படிப்பவருக்காக: கடல்மேல் மிதக்கும் பனித்தட்டில் இந்த நிலையம் நிற்கிறது. பனியின் அதிர்வுகளைக் கேட்டு விரிசல் வருமா என்று சொல்லும் இயந்திர அறிவுக்குத் துலா என்று பெயர். அதன் கணிப்புக்குக் கீழே ஒரு மனிதர் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் நான். தவமணி ரத்தினசாமி, பனியியல் ஆய்வாளர். இது ஏழாவது வருடம். கடைசியாக எப்போது கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன் என்பது நினைவில்லை.

எரிபொருள் ஏற்றும் குழுவின் தலைவர் இப்ராகிம் பாயும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் கிடங்கில் இருக்கிறார்கள். பனித்தட்டின் விளிம்பு, இங்கிருந்து முப்பது கிலோமீட்டர். இரண்டு வண்டிகளும் அவர்களிடம்.

ஜனவரி 11, மதியம் 13:30
பதினேழாம் உணரியின் கம்பியில் இரைச்சல். சோதிக்க நேரடியாகக் காதுகருவியைச் செருகினேன். இரைச்சலுக்கு அடியில் வேறொன்று. தூரத்தில் பாரவண்டி பாலம் ஏறுவதுபோல் ஓர் உறுமல். மற்ற உணரிகளிலும் அதே. துலாவின் வரைபடத்தில் அது இல்லை.

ஜனவரி 11, 14:05
துலாவிடம் கேட்டேன். பதில்: “அவ்வகை ஒலி பொய் எச்சரிக்கை. ஆதாரம்: நாற்பத்தொரு மதிப்பீடுகள். மதிப்பீட்டாளர்: த. ரத்தினசாமி.”

முதல் குளிர்காலம். துலா அந்த ஒலிக்காக என்னை நாற்பத்தொரு முறை எழுப்பியது. முதல் மூன்று முறை வெளியே போய்ப் பார்த்தேன். காற்றில் கம்பி உரசிய சத்தம். அதன்பிறகு போர்வைக்குள்ளிருந்தே ‘பொய்’ பொத்தானை அழுத்தினேன். துலா கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை அப்படியே மற்ற ஒன்பது நிலையங்களுக்கும் ஏற்றினார்கள். வீண் எச்சரிக்கைகள் பாதியாகக் குறைந்தனவென்று எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

ஜனவரி 11, 16:40
பழைய பதிவுகள் நாற்பத்தொன்றையும் கேட்டேன். முதல் மூன்று, காற்று. நான்காவதிலிருந்து காற்று இல்லை. பனி.

ஜனவரி 11, 17:00
கிடங்கை அழைத்தேன். உரையாடலை அப்படியே பதிகிறேன்.

“பாய், உடனே கிளம்புங்க. தட்டு உடையப்போகுது.”

“துலா பச்சைதானே காட்டுது மேடம்? இன்னும் பன்னெண்டு பீப்பா ஏத்தணும். போட்டுட்டு ஓடியாந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“அதுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்ததே நான்தான். எழுந்து போய்ப் பாக்க அலுப்பா இருந்துச்சு. பாக்காமலே பொய்யின்னு அமுக்கிட்டேன்.”

பின்னால் பீப்பா உருளும் சத்தம் நின்றது.

“எத்தனை தடவை?”

“முப்பத்தெட்டு.”

“இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“உங்ககிட்டதான். இப்பத்தான்.”

“சரி. கிளப்புறோம். உங்களை ஏத்திக்கணுமே?”

“முதல்ல ஆறு பேரும் நேராக் கரைக்குப் போங்க. அப்புறம் என்னைப் பாக்கலாம்.”

ஜனவரி 12, காலை 09:15
ஆறு பேரும் காலையில்தான் பாறைநிலம் சேர்ந்தார்கள். பாய் காலி வண்டியோடு என்னை ஏற்றிச்செல்லக் கிளம்பினார். 08:50-க்குத் தட்டு உடைந்தது. எனக்கும் கரைக்கும் நடுவே விரிசல். அரை மணிக்குள் அகலம் நாற்பது மீட்டர். மின்னாக்கி இருந்த கொட்டகை உள்ளே போய்விட்டது. மின்கலம் மட்டும் மிச்சம். கப்பல் வர இரண்டு நாளாகும். மூடுபனி, ஹெலிகாப்டர் பறக்காது.

விரிசலின் அக்கரையில் பாயின் வண்டி விளக்கு தெரிகிறது. போகச் சொல்லியும் போகவில்லை.

ஜனவரி 12, 13:20
மின்கலம் சூடேற்றிக்குப் போதும், அல்லது அனுப்பும் கருவிக்குப் போதும். இரண்டுக்கும் போதாது. சூடேற்றியை நிறுத்தினேன். முப்பத்தெட்டு மதிப்பீடுகளையும் திருத்தித் தலைமை மையத்துக்கு அனுப்பினேன். ஒன்பது நிலையங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜனவரி 12, 14:00
பதில்: “மனிதத் திருத்தம் பெறப்பட்டது. துலா ஆராய்ந்தது. முந்தைய மதிப்பீடுகளோடு முரண்படுகிறது. மதிப்பீட்டாளரின் குரலிலும் தட்டச்சிலும் கடும் சோர்வு தெரிகிறது. நிராகரிக்கப்பட்டது.”

விரிசலைச் சொன்னேன். பதினெட்டு உணரிகள் அறுந்ததைத் துலா மின்கோளாறு என்று பதிந்திருக்கிறது. மனிதர் யாராவது பேசுங்கள் என்று கேட்டேன். வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

சோர்வு என்பது உண்மைதான். அதை மட்டும் சரியாகக் கணித்திருக்கிறது. நான் சோர்ந்து சொன்ன பொய்யை நம்பியது. சோர்ந்து சொல்லும் உண்மையை நம்பமாட்டேன் என்கிறது.

ஜனவரி 12, 15:30
பாயிடம் சொன்னேன். அவர் சொன்னது: “அதுகிட்ட ஏன் மேடம் கெஞ்சுறீங்க? வண்டி ரேடியோ எல்லா நிலையத்துக்கும் எட்டும். அங்கேயும் மனுசன்தானே உக்காந்திருக்கான்? என்ன கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்.”

கம்பியில் காதுகருவியைச் செருகச் சொல்லுங்கள் என்றேன். துலாவைக் கேட்காமல் பனியைக் கேட்கச் சொல்லுங்கள் என்றேன்.

ஜனவரி 13, காலை 10:05
மின்கலம் நான்கு சதவீதம். மூடுபனிக்குள் மங்கிய சூரியன் தவறான சன்னல் வழியாகத் தெரிகிறது. நிலையம் நிற்கும் பனித்துண்டு மிதந்து திரும்பிக்கொண்டிருக்கிறது.

இரண்டு நிலையங்கள் பதில் தரவில்லை. மூன்றில், பச்சை காட்டுகிறது என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். மேலும் மூன்றில் கேட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். பிறகு சத்தமில்லை. கிழக்கு நிலையத்தில் ஒரு பெண் மட்டும் காதில் வைத்துக் கேட்டிருக்கிறாள். “எங்களுக்கும் கேக்குது” என்றாளாம். அங்கிருந்த ஒன்பது பேரும் வெளியேறிவிட்டார்கள்.

விரல்கள் மடங்கவில்லை. தூங்கக்கூடாது.

ஜனவரி 13, 10:40
பாய் அழைக்கிறார். எட்டாம் நிலையத்தில் ஒருவர் காதுகருவியோடு உட்கார்ந்திருக்கிறாராம். என்ன மாதிரிச் சத்தம் என்று என் வாயாலேயே கேட்க வேண்டுமாம். மின்கலம் ஒரு சதவீதம். பேசினால் இந்தப் பதிவும் அவ்வளவுதான். பேசுகிறேன்.